ஆர்சி கார் லிப்போ பேட்டரி: சேலம் வெயிலிலும் ஏற்காடு குளிரிலும் சார்ஜ் ஏற்றிப் பாதுகாப்பது எப்படி

போன சித்திரையில் என்னுடைய ஆர்சி காரின், அதாவது ரிமோட்டில் ஓட்டும் சின்னக் காரின், இரண்டு லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகள் ஓடாமலே செத்துப்போயின. ஞாயிற்றுக்கிழமை கன்னங்குறிச்சிப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் ஓட்டலாம் என்று சனிக்கிழமை சாயங்காலமே இரண்டையும் முழுசாகச் சார்ஜ் ஏற்றிவிட்டேன். ராத்திரி கோடை மழை கொட்டியது, மைதானம் சேறாகிவிட்டது. சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று காரோடு சேர்த்துப் பரணில் வைத்தேன். அடுத்த வாரம் ஒரு கல்யாணம், அதற்கடுத்த வாரம் வேலை. மூன்று வாரம் கழித்து எடுத்தபோது இரண்டும் பூரி மாதிரி உப்பியிருந்தன. எங்கள் வீட்டுப் பரண் மொட்டை மாடித் தளத்தை ஒட்டி இருக்கிறது. சித்திரை மத்தியானத்தில் அங்கே கையை வைத்தால் சுடும். முழுச் சார்ஜும் அந்தச் சூடும் சேர்ந்து மூன்றே வாரத்தில் வேலையை முடித்துவிட்டன.

அன்றிலிருந்து புதிதாக ஆர்சி கார் வாங்கும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: லிப்போ பேட்டரி டிராக்கில் ஓடும் கால் மணி நேரத்தில் கெடுவது குறைவு, வீட்டில் சும்மா கிடக்கும் நாட்களில் கெடுவதுதான் அதிகம். அதனால் இந்த வழிகாட்டியில் சார்ஜ் ஏற்றும் முறைக்கு எவ்வளவு இடமோ, எடுத்து வைக்கும் முறைக்கும் அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறேன்.

பேட்டரி மேல் என்ன எழுதியிருக்கிறது

நிஜக் காரில் பத்தில் ஒரு பங்காக இருக்கும் 1:10 அளவுக் கார்களில் பெரும்பாலும் வருவது 2எஸ் பேட்டரி. எஸ் என்றால் வரிசையாக இணைத்த செல்களின் எண்ணிக்கை. ஒரு லிப்போ செல்லின் பெயரளவு வோல்ட் 3.7. ஆகவே 2எஸ் என்றால் 7.4, 3எஸ் என்றால் 11.1, பெரிய 1:8 பக்கி வகைக் கார்களில் வரும் 4எஸ் என்றால் 14.8.

பெயரளவு வோல்ட்டை விட முக்கியமான நான்கு எண்கள் இருக்கின்றன. எல்லாமே ஒரு செல்லுக்கான கணக்கு. முழுச் சார்ஜ் 4.20 வோல்ட். எடுத்து வைக்க வேண்டிய அளவு 3.80 முதல் 3.85. ஓட்டுவதை நிறுத்தி ஆறவிட்ட பிறகு இருக்க வேண்டியது 3.7 அளவில். எந்தக் காரணத்துக்காகவும் கீழே போகக் கூடாதது 3.0. இந்த நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சார்ஜர் மேலேயே ஒட்டிவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

எல்ஐஹெச்வி என்று எழுதிய பேட்டரிக்கு முழுச் சார்ஜ் 4.35 வரை போகலாம். சாதாரண லிப்போவை அந்த அளவுக்கு ஏற்றினால் ஆபத்து. லைஃப் (LiFe) என்பது வேறு வேதியியல், அதற்கு 3.6 தான் முழு அளவு. பார்வைக்கு மூன்றும் ஒரே மாதிரி இருக்கும், லேபிளைப் படித்தால்தான் தெரியும்.

5000 எம்ஏஹெச் (மில்லி ஆம்ப் அவர்) என்பது கொள்ளளவு. அதாவது 5 ஆம்ப் வீதம் இழுத்தால் ஒரு மணி நேரம் தாங்கும். அந்த 5 ஆம்பைத்தான் 1சி என்கிறோம். 3200 எம்ஏஹெச் பேட்டரிக்கு 1சி என்றால் 3.2 ஆம்ப்.

லேபிளில் பெரிசாக 100சி, 120சி என்று போட்டிருப்பார்கள். 5000 எம்ஏஹெச்சில் 100சி என்றால் 500 ஆம்ப். பேட்டரியைக் காரோடு இணைக்கும் எக்ஸ்டி60 கனெக்டரே தொடர்ந்து 60 ஆம்ப் தாங்குவதற்காகச் செய்ததுதான். அந்த எண்ணை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அதே காசில் நல்ல சார்ஜர் வாங்கலாம்.

சார்ஜர்

காரோடு பெட்டியில் வரும் சின்னச் சார்ஜர் பேலன்ஸ் ஒயர் (ஒவ்வொரு செல்லுக்கும் தனியாகப் போகும் மெல்லிய ஒயர்) வழியாக மெதுவாக ஏற்றும். அது சார்ஜ் ஏற்றிவிடும், ஆனால் எடுத்து வைக்கும் அளவுக்கு இறக்கத் தெரியாது, எவ்வளவு எம்ஏஹெச் உள்ளே போனது என்றும் காட்டாது. லிப்போவைப் பராமரிக்க இந்த இரண்டும் வேண்டும். திரையும், செல்களைச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜும், எடுத்து வைக்கும் அளவுக்குக் கொண்டுவரும் ஸ்டோரேஜ் மோடும் உள்ள சார்ஜர் ஒன்றைக் கண்டிப்பாக வாங்கிவிடுங்கள்.

எத்தனை வாட் வேண்டும் என்பதை முழுச் சார்ஜ் வோல்ட்டை ஆம்பால் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம். 5000 எம்ஏஹெச் 2எஸ் பேட்டரியை 1சியில் ஏற்ற 8.4 × 5 = 42 வாட். 3எஸ்ஸுக்கு 63 வாட், 4எஸ்ஸுக்கு 84 வாட். 2எஸ் மட்டும் ஓட்டுபவருக்கு 50 வாட் சார்ஜர் போதும். நாளைக்குப் பெரிய கார் வாங்கும் ஆசை இருந்தால் இப்போதே 100 வாட்டுக்கு மேல் பாருங்கள்.

சார்ஜ் ஏற்றும் இடம்

மெத்தை, சோபா, மரப் பீரோ, திரைச்சீலை இவற்றின் பக்கத்தில் வேண்டாம். சிமெண்ட் தரை, டைல்ஸ் தரை, கடப்பாக்கல் மேடை எல்லாம் நல்லது. தலைக்கு மேல் ஷெல்ஃப் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் வைக்கும் அளவுக்கு நம் ஊரில் வெள்ளைக்கல் கிடைக்கிறது. அதை எதற்குத் தோண்டுகிறார்கள்? உருக்கு உலைக்குள் பதிக்கும் ஃபயர் பிரிக் செய்வதற்காக. உலைச் சூட்டையே தாங்கும் செங்கல், பேட்டரித் தீயைத் தாங்காதா? உலை வேலை பார்க்கும் பட்டறைகளில் கழித்துப் போட்ட ஃபயர் பிரிக் கேட்டால் கிடைக்கும். நான் கீழே நான்கு கல், சுற்றிலும் ஆறு கல் அடுக்கி நடுவில் பேட்டரியை வைத்துத்தான் ஏற்றுகிறேன். கல் கிடைக்காவிட்டால் காய்ந்த, அகலமான மண்சட்டி நல்ல மாற்று. மேலே மூடி போட்டு இறுக்காதீர்கள். ஏதாவது நடந்தால் புகை வெளியேற வழி வேண்டும். மூடிய டப்பாவுக்குள் அழுத்தம் ஏறினால் அது வெடிக்கும்.

பக்கத்தில் ஒரு வாளி காய்ந்த மணலும், ஒரு நீளமான இடுக்கியும் இருக்கட்டும்.

சார்ஜ் ஏற்றுவது, ஒவ்வொரு படியாக

முதலில் பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். ஓட்டி முடித்த சூடு இன்னும் இருந்தால் காத்திருங்கள், அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் சார்ஜ். அடுத்து, சமையல் மேடைக் கல்லின் மேல் தட்டையாக வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்துங்கள். நல்ல பேட்டரி அசையாமல் உட்காரும். ஆடினால் வயிறு உப்ப ஆரம்பித்திருக்கிறது என்று அர்த்தம். கெட்டி பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் ஹார்டுகேஸ் பேட்டரியில் இதைக் கவனமாகச் செய்ய வேண்டும். அந்தக் கூடு அடியிலிருந்து காப்பாற்றும், ஆனால் உப்பலை மறைத்துவிடும். கூட்டின் தையல் விரிந்திருக்கிறதா, காரின் தட்டில் வழக்கம்போல் இறங்குகிறதா என்றும் பாருங்கள். நெயில் பாலிஷ் போல இனிப்பான வாசனை வந்தால் அந்தப் பேட்டரி கசிகிறது, அதற்கு மேல் அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

அடுத்து ஒயர்களை இணைக்கும் வரிசை. சார்ஜரை மின்சாரத்தில் போட்டு ஆன் செய்யுங்கள். பிறகு சார்ஜ் ஒயரின் பனானா பின்களைச் சார்ஜரில் செருகுங்கள். அதற்கப்புறம்தான் மறுமுனையைப் பேட்டரியில் இணைக்க வேண்டும். ஒயரை முதலில் பேட்டரியில் மாட்டினால் மறுமுனையில் இரண்டு பின்களும் வெறுமனே தொங்கும். ஒன்றோடொன்று உரசினால் ஷார்ட் ஆகி, பொறி பறந்து, பின்னே உருகி ஒட்டிக்கொள்ளும். கழற்றும்போது வரிசை தலைகீழ்: பேட்டரி முதலில், சார்ஜர் கடைசியில்.

பேலன்ஸ் ஒயரை மறக்காதீர்கள். 2எஸ்ஸில் மூன்று இழை, 3எஸ்ஸில் நான்கு இழை உள்ள சின்ன வெள்ளைக் கனெக்டர் அது. அதன் வழியாகத்தான் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கிறது. அது இல்லாமல் ஏற்றினால் சார்ஜருக்கு மொத்தம் 8.4 என்று மட்டும் தெரியும். உள்ளே ஒரு செல் 4.30லும் இன்னொன்று 4.10லும் இருந்தாலும் கூட்டினால் 8.4 தான். ஒரு செல் அளவுக்கு மீறி ஏறிக்கொண்டிருக்கும், திரையில் எல்லாம் சரியாகத் தெரியும்.

இப்போது திரை. இந்த இடத்தில் அவசரம் கூடாது. போன வருடம் அக்கா மகனுக்குச் சார்ஜ் செய்யக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நான் மணல் வாளி எடுக்கத் திரும்பிய நேரத்தில், "மாமா, இதுல நிம்ஹெச்னு காட்டுது, ஸ்டார்ட் குடுத்துரட்டுமா?" என்றான்.

"கை வைக்காதடா, ஒயரக் கழட்டு முதல்ல" என்று கத்திவிட்டேன். பையன் பயந்துவிட்டான். பிறகு உட்காரவைத்து ஏன் கத்தினேன் என்று சொன்னேன். நிம்ஹெச் என்பது பழைய நிக்கல் பேட்டரிக்கான மோடு. நிக்கல் பேட்டரி நிறைந்ததும் அதன் வோல்ட் லேசாகக் கீழே இறங்கும், அதைப் பார்த்துத்தான் சார்ஜர் நிறுத்தும். லிப்போவில் அந்த இறக்கம் வராது. 4.20ஐத் தாண்டியும் சார்ஜர் தள்ளிக்கொண்டே இருக்கும், கடைசியில் தீதான். இப்போது அவன் ஒவ்வொரு முறையும் திரையை வாய்விட்டுப் படிக்கிறான்: "லிப்போ, பேலன்ஸ், ரெண்டு எஸ், அஞ்சு ஆம்ப்." நானும் அப்படியே செய்கிறேன். உங்களுக்கும் அந்தப் பழக்கத்தையே சொல்வேன். வேதியியல், மோடு, செல் எண்ணிக்கை, ஆம்ப் ஆகிய நான்கையும் வாயால் சொல்லிவிட்டு அப்புறம் ஸ்டார்ட்.

ஆம்பைப் பொறுத்தவரை 1சி போதும். 2சி, 3சி வரை ஏற்றலாம் என்று பேட்டரியில் எழுதியிருக்கலாம். போட்டி நாளில் நேரம் இல்லாவிட்டால் சரி, வீட்டில் அதற்கு அவசியமில்லை.

ஆரம்பித்ததும் சார்ஜர் முதலில் நிலையான ஆம்பைக் கொடுக்கும், வோல்ட் மெல்ல ஏறும். செல்கள் 4.20ஐத் தொட்டதும் வோல்ட்டை அங்கேயே பிடித்துக்கொண்டு ஆம்பைக் குறைக்கும். ஆம்ப் சுமார் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் நிறுத்திவிடும். கடைசிக் கொஞ்சம் நேரமாகிறதே என்று புதியவர்கள் கேட்பார்கள், அது இதனால்தான். ஸ்டோரேஜ் அளவில் இருந்த பேட்டரி 1சியில் நிறைய முக்கால் மணி நேரத்தை ஒட்டி ஆகும்.

பாதியில் ஒருமுறை பேட்டரியைத் தொட்டுப் பாருங்கள். சார்ஜ் ஏறும்போது லிப்போ சூடாகக் கூடாது. லேசான வெதுவெதுப்புக்கு மேல் இருந்தால் நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் செல் வாரியாக வோல்ட்டைப் பாருங்கள். இரண்டுக்கும் 0.01 வித்தியாசம் இருந்தால் நல்லது. ஒவ்வொரு முறையும் அதே செல் பின்தங்கினால் அது வயதாகிவருகிறது.

சார்ஜ் போட்டுவிட்டுக் கடைக்குப் போவது, தூங்குவது இரண்டும் கூடாது. நம் ஊரில் இன்னொன்றும் உண்டு: கரண்ட் போவது. கரண்ட் போனால் உடனே பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். சில சார்ஜர்கள் மின்சாரம் இல்லாதபோது பேட்டரியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். கரண்ட் திரும்ப வந்து நிலைத்த பிறகு மறுபடி முதலிலிருந்து நான்கையும் படித்து ஆரம்பியுங்கள்.

இரண்டு மூன்று பேட்டரிகளை ஒரே போர்டில் இணையாக மாட்டி ஏற்றும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வோல்ட் வேறுபட்ட பேட்டரிகளை அப்படி இணைத்தால் நிறைந்ததிலிருந்து காலியானதுக்குப் பெரும் மின்னோட்டம் பாயும். முதல் ஒரு வருடமாவது அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஓட்டும்போது

காரை வாங்கிய அன்றே ஈஎஸ்சியில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) லோ வோல்டேஜ் கட்டாஃப், அதாவது வோல்ட் குறைந்ததும் காரை நிறுத்தும் அமைப்பு, லிப்போவுக்கு வைத்திருக்கிறதா என்று பாருங்கள். சில கார்கள் நிக்கல் அமைப்போடு வரும். அந்த அமைப்பில் லிப்போவைப் போட்டால் கார் தானாக நிற்காது. செல் 3.0க்குக் கீழே போய், உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். அப்படிக் கரைந்த பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றும்போதுதான் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிறது. இப்படி 3.0க்குக் கீழே போய்த் தரையைத் தொட்ட பேட்டரியை நிம்ஹெச் மோடில் கொஞ்சம் ஏற்றி உயிர் கொடுக்கலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பேட்டரியின் விலைக்காக வீட்டைப் பணயம் வைக்க வேண்டாம்.

கட்டாஃப் 3.2 என்று இருந்தால் நான் 3.4க்கு ஏற்றிவிடுவேன். ஆனால் அதையும் கடைசிப் பாதுகாப்பாக மட்டும் நினைத்துக்கொண்டு, நேரம் வைத்து ஓட்டுவதே நல்லது. உங்கள் காருக்கு எத்தனை நிமிடம் என்று கண்டுபிடிக்கும் வழி இது. முழுச் சார்ஜ் உள்ள பேட்டரியில் சரியாக 6 நிமிடம் ஓட்டுங்கள். வீட்டுக்கு வந்து மறுபடி முழுசாக ஏற்றி, எத்தனை எம்ஏஹெச் உள்ளே போனது என்று சார்ஜரில் பாருங்கள். 1500 என்று காட்டினால் நிமிடத்துக்கு 250. 5000 பேட்டரியில் 80 சதவீதம், அதாவது 4000 மட்டும் செலவழிக்கலாம் என்று வைத்தால் 16 நிமிடம். போனில் 15 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். டயர், கியர், மைதானம் மாறினால் கணக்கும் மாறும். கட்டாந்தரையில் ஓடும் அதே கார், புல்லில் அதிகம் குடிக்கும்.

பேலன்ஸ் கனெக்டரில் செருகும் சின்ன வோல்ட் அலாரம் மலிவானது, பயனுள்ளது. ஓட்டி முடித்ததும் கழற்றிவிடுங்கள். மறந்து விட்டால் அது ராத்திரி முழுக்கப் பேட்டரியைக் குடித்துக் காலையில் காலி செய்திருக்கும்.

மைதானத்துக்குக் கொண்டுபோவதிலும் கவனம் வேண்டும். ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்த இடம் அடுப்பு மாதிரி இருக்கும். கார் டேஷ்போர்டும் அப்படித்தான். நான் ஒரு பழைய டிபன் பையில் துணி சுற்றிக் கொண்டுபோகிறேன், கனெக்டர்களுக்கு மூடி போட்டு. ஸ்க்ரூ, ஸ்பேனர் இருக்கும் பையில் பேட்டரிக்கு இடமில்லை. சித்திரை, வைகாசியில் நான் காலை ஒன்பது மணிக்கு மேல் ஓட்டுவதில்லை. காற்று 40 டிகிரியில் இருக்கும்போது பேட்டரி 60ஐத் தொட அதிக நேரம் ஆகாது. 60 தான் எல்லை. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மூன்று எண்ணும்வரை வைக்க முடியாவிட்டால் அன்றைக்கு ஓட்டம் போதும்.

ஓடி முடித்த பேட்டரியைக் காரிலேயே விடாதீர்கள். சுவிட்சை அணைத்தாலும் ஈஎஸ்சி துளித்துளியாக இழுத்துக்கொண்டிருக்கலாம். எத்தனையோ நல்ல பேட்டரிகள் இப்படித்தான் ஒரு வாரத்தில் தரையைத் தொட்டிருக்கின்றன.

ஓட்டி முடித்த பிறகு: முக்கியமான வேலை

வீட்டுக்கு வந்து, பேட்டரி ஆறியதும், ஸ்டோரேஜ் மோடில் போடுங்கள். ஒரு செல்லுக்கு 3.80 முதல் 3.85, 2எஸ்ஸில் மொத்தம் 7.6 முதல் 7.7. ஓடி முடித்த பேட்டரிக்குக் கொஞ்சம் ஏற்றினால் போதும், பத்துப் பதினைந்து நிமிட வேலை. ஓட்டாமல் முழுசாக இருக்கும் பேட்டரிக்கு இறக்க வேண்டும். அது நேரமெடுக்கும். 5000 எம்ஏஹெச் 2எஸ்ஸில் 37 வாட் அவர் (7.4 வோல்ட் × 5 ஆம்ப் அவர்) இருக்கிறது. அதில் பாதியை, பல சின்னச் சார்ஜர்கள் போல 5 வாட்டில் இறக்கினால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல். அதை விட, காரை வீட்டு வாசலில் ஐந்தாறு நிமிடம் ஓட்டிவிட்டு மீதியைச் சார்ஜரிடம் விடுவது சுலபம்.

ஏன் இந்தப் பாதி அளவு? நிறைந்த செல்லில் உள்ளே இருக்கும் வேதிப்பொருட்கள் ஓய்வே இல்லாமல் எலக்ட்ரோலைட்டோடு வினைபுரிந்துகொண்டிருக்கும். வாயு உண்டாகும், உள்தடை (மின்னோட்டத்துக்குச் செல்லே கொடுக்கும் தடை) ஏறும். சூடு கூடக்கூட அந்த வினை வேகமாகும். குளிர்ந்த நாட்டில் எழுதிய கையேட்டில் ஒரு வாரம் முழுச் சார்ஜில் இருக்கலாம் என்று போட்டிருந்தால் அது நம் சேலத்துக் கோடைக்குப் பொருந்தாது. என் கணக்கு இது: தை, மாசியில் இரண்டு நாள். பங்குனி முதல் ஆனி வரை அதே ராத்திரி. ஓட்டம் ரத்தானால் சோம்பல் படாமல் அன்றைக்கே இறக்கிவிடுகிறேன்.

இதோடு சேர்ந்தது, முன்கூட்டியே ஏற்றி வைக்காமல் இருப்பது. ஞாயிறு காலை ஓட்டம் என்றால் காலையில் எழுந்து காபி போடும்போது ஏற்றினால் போதும்.

எங்கே வைப்பது? வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் எதுவோ அங்கே. பெரும்பாலும் அது கீழ்த்தளத்தில், வெயில் படாத சுவரை ஒட்டிய தரைமட்டம். பரண், மொட்டை மாடி அறை, மேற்குச் சுவர் அலமாரி மூன்றும் வேண்டாம். நான் ஒரு காய்ந்த மண்பானையில், அடியில் மணல் போட்டு, பேட்டரிகளை நிற்கவைத்து, மேலே தட்டை சாய்வாக வைத்திருக்கிறேன். குழந்தைகள் கை எட்டாது. ஃப்ரிட்ஜில் வைப்பவர்கள் இருக்கிறார்கள். குளிர் நல்லதுதான், ஆனால் வெளியே எடுத்ததும் கனெக்டரில் நீர் கோத்துக்கொள்ளும், சாப்பாட்டுப் பொருள் பக்கத்தில் பேட்டரி இருப்பதும் எனக்கு உடன்பாடில்லை.

ஒவ்வொரு பேட்டரிக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண்ணும் வாங்கிய மாதமும் எழுதுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போதும்: தேதி, ஏற்றிய எம்ஏஹெச், செல் வோல்ட், சார்ஜர் காட்டினால் உள்தடை. உள்தடையைச் சூடு பாதிக்கும், அதனால் எப்போதும் அறைச் சூட்டில், அதே சார்ஜரில் அளந்து, அந்தப் பேட்டரியின் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். புதிதாக இருந்ததைப் போல இரண்டு மடங்காகிவிட்டால் போட்டிக்கு வேண்டாம், பழகுவதற்கு வைத்துக்கொள்ளலாம். ஓட்டாத மாதத்திலும் ஒருமுறை வோல்ட் பாருங்கள். சும்மா கிடந்து ஒரு செல் மட்டும் இறங்கியிருந்தால் அதன் காலம் முடிகிறது.

ஏற்காட்டுக்கு எடுத்துப் போகும்போது

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் சேலத்தை விட 1200 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்போம். காற்றழுத்தம் ஏழில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் விம்மி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கூடு இல்லாத சாஃப்ட்கேஸ் பேட்டரிக்கும் அதேதான். நல்ல செல்லில் உள்ளே காற்றே இருக்காது, மேலே போனாலும் அப்படியே இருக்கும். உள்ளே வாயு சேர ஆரம்பித்த செல், கீழே தட்டையாகத் தெரிந்தாலும் மேலே லேசாக விம்மிக் காட்டிக்கொடுக்கும். ஏற்காட்டில் இறங்கியதும் நான் முதலில் செய்வது, பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் அழுத்திப் பார்ப்பதுதான். இரண்டு முறை அங்கே கண்டுபிடித்த பேட்டரிகளை ஓட்டாமலே திரும்பக் கொண்டுவந்தேன்.

மார்கழிக் காலையில் அங்கே 15 டிகிரிக்கும் கீழே போகும். குளிர்ந்த பேட்டரியின் உள்தடை அதிகம். த்ராட்டிலை அழுத்தியதும் வோல்ட் சரிந்து, பேட்டரி நிறைய இருக்கும்போதே கட்டாஃப் விழும். பேட்டரி கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஸ்வெட்டருக்குள் அரை மணி நேரம் வைத்து உடல் சூட்டில் வெதுவெதுப்பாக்கி மாட்டுங்கள். முதல் இரண்டு நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள், அப்புறம் அதுவே சூடாகிக்கொள்ளும். சார்ஜும் அறைக்குள், வெதுவெதுப்பான பிறகுதான். மேட்டில் ஏறும் கார் அதிகம் இழுக்கும், மைதானத்துக்கு வைத்த 15 நிமிட அலாரத்தை 10க்குக் குறையுங்கள்.

தெரிந்தவர் எஸ்டேட்டில் காபிக் களம் காலியாக இருக்கும் மாதத்தில் அனுமதி கேட்டு ஓட்டுவோம். அங்கே பிளக் பாயிண்ட் கிடையாது, நாங்கள் போன பெரிய காரின் பேட்டரியிலிருந்துதான் சார்ஜ். 12 வோல்ட் உள்ளீடு எடுக்கும் சார்ஜர் என்றால் முடியும், ஆனால் கணக்கு வேண்டும். 35 ஆம்ப் அவர் கார் பேட்டரியில் சுமார் 420 வாட் அவர். வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆக வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு 2எஸ் பேட்டரியைக் கிட்டத்தட்ட காலியிலிருந்து நிறைக்க இழப்போடு சேர்த்து 40 வாட் அவரை ஒட்டி ஆகும். ஆக மூன்று முறை. பைக் பேட்டரியில் முயற்சியே வேண்டாம். பனி இறங்கும் நேரத்தில் கனெக்டரில் ஈரம் படும். துடைத்து, காய்ந்த பிறகே மாட்டுங்கள்.

விமானத்தில் போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. ஒன்று 100 வாட் அவருக்குள் இருந்தால் பொதுவாக விடுவார்கள். 5000 எம்ஏஹெச் 4எஸ்கூட 74 தான். கனெக்டரை மூடி ஒட்டிக் கொண்டுபோங்கள்.

அடிபட்டால், உப்பினால், தீப்பிடித்தால்

பலமாக மோதிய காரிலிருந்து பேட்டரியைக் கழற்றி, திறந்த வெளியில் மண்ணில் வைத்துக் குறைந்தது இருபது நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். உள்ளே நசுங்கிய செல் உடனே காட்டாது. உப்பிய பேட்டரியை ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றும் வேலையைக் கனவிலும் செய்யாதீர்கள்.

சார்ஜில் இருக்கும்போது உப்ப ஆரம்பித்தால் சுவர் சுவிட்சை அணையுங்கள். புகை இன்னும் வரவில்லை என்றால் இடுக்கியால் எடுத்து வெளியே மணலில் போடுங்கள். புகை வந்துவிட்டால் பேட்டரியைத் தொட வேண்டாம், மணலைக் கொட்டிவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும், நுரையீரலுக்கு மிகக் கெடுதல். லிப்போ தன் எரிதலுக்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பங்கைத் தனக்குள்ளிருந்தே எடுக்கும், அதனால் மணல் தீயைப் பரவாமல் கட்டுமே தவிர உடனே அணைக்காது. மேசை, துணி என்று பரவினால் மெயினை அணைத்துவிட்டுத் தண்ணீர் தாராளமாக ஊற்றலாம். லித்தியத்தில் தண்ணீர் பட்டால் வெடிக்கும் என்ற பயம் உலோக லித்தியத்துக்கானது. இங்கே தண்ணீர் சூட்டைக் குறைத்துப் பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றும். கைமீறினால் 101 அல்லது 112.

முடிந்துபோன பேட்டரி

உப்பாத, ஆனால் சக்தி போன பேட்டரியை வெளியே வைத்து, 12 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கனெக்டரில் மாட்டி விடுங்கள். பல்பு மங்கி அணைந்த பிறகும் ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். உப்புத் தண்ணீரில் போடும் வழக்கம் பழையது. அது முனைகளை அரித்துவிடுமே தவிர உள்ளே சார்ஜ் மிச்சமிருக்கும். அப்புறம் கனெக்டரை வெட்டினால் ஒரு நேரத்தில் ஒரு ஒயர் மட்டும். இரண்டையும் கத்தரியில் சேர்த்து வெட்டினால் கத்தரியே ஷார்ட் ஆக்கிவிடும். முனைகளில் டேப் சுற்றுங்கள். உப்பிய பேட்டரியைப் பல்பிலும் மாட்ட வேண்டாம், மணல் போட்ட சட்டியில் வீட்டுக்கு வெளியே வைத்து அப்படியே கொடுத்துவிடுங்கள்.

மாநகராட்சிக் குப்பை வண்டியில் போடக் கூடாது. லாரிக்குள் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும், பாதிக்கப்படுவது தூய்மைப் பணியாளர். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி எல்லா வகைப் பேட்டரிகளையும் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளருக்கும் இறக்குமதியாளருக்கும் இருக்கிறது. வாங்கிய கடையில் கேளுங்கள், இல்லையென்றால் பதிவு பெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடம் கொடுங்கள். பரணில் செத்த என் இரண்டு பேட்டரிகளையும், நண்பர்களிடமிருந்து சேர்ந்த இன்னும் ஐந்தையும் அப்படி ஒரே தடவையாக ஒப்படைத்தேன்.